எட்டு அணிகளும் ஏழு ஞாயிறுகளும்

மாத்தளை மாவட்டத்துத் தோட்டப்புறங்களில் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலிற் செல்வோர், லயங்களுக்குக் கீழேயுள்ள பிரட்டுக்களத்தில் இளைஞர் சிலர் பந்து உதைத்துக்கொண்டிருப்பதை எளிதிற் காண்பர். களத்தின் ஒரு பக்கம் மண்மேடு; மறுபக்கம் தேயிலைச் சரிவு. பந்து சரிவில் உருண்டுவிட்டால் அதனை எடுத்துவரச் சிறுவன் ஒருவன் ஓடுவான். அவன் மீளும்வரை ஆட்டம் நிற்கும். வென்றவர் யார், தோற்றவர் யார் என்பது இருள் கவிந்ததும் மறந்துபோகும். அடுத்த ஞாயிறு வேறோர் ஆட்டம். இந்த ஞாயிற்றின் ஆட்டத்திற்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

இவ்வாறு தனித்தனியே உதிர்ந்து கிடக்கும் ஆட்டங்களை ஒரு நூலிற் கோத்து, முதலாவது ஆட்டத்திற் பெற்ற வெற்றி கடைசி ஆட்டம் வரை கணக்கில் நிற்குமாறு செய்யும் ஏற்பாட்டிற்கே லீக் என்று பெயர். அந்த ஆட்டங்கள் தொடங்கி முடியும் கால எல்லை பருவகாலம் எனப்படும். இலங்கையில் லீக் என்னும் சொல்லுக்கு மற்றொரு பொருளும் உண்டு. ஒரு பிரதேசத்துக் கழகங்கள் ஒன்றுசேர்ந்து அமைக்கும் நிர்வாக சபையையும் லீக் என்றே வழங்குவர். ஆகவே, ஓர் ஊரில் லீக் இருக்கிறது என்று ஒருவர் கூறினால், சபை இருக்கிறதா, போட்டி நடக்கிறதா என்று மீண்டும் ஒருமுறை கேட்டுக்கொள்வது நன்று. முன்னது இருந்து பின்னது இல்லாத ஊர்களும் உள.

தோட்டப்புறங்களிலும் சிறு பட்டினங்களிலும் பெரும்பாலும் நடைபெறுவது விலகல் முறைச் சுற்றுப்போட்டியாகும். பொங்கலையோ திருவிழாவையோ ஒட்டி ஒரு நாளில், மிஞ்சினால் இரண்டு நாள்களில், அது முடிந்துவிடும். தோற்ற அணி விலகும். வென்ற அணி மேலே செல்லும். எட்டு அணிகள் சேர்ந்தால் மொத்தம் ஏழு ஆட்டங்கள். நான்கு அணிகள் ஒரேயோர் ஆட்டத்துடன் வீடு திரும்பவேண்டியவை. காலையில் லொறியில் ஏறி, பாட்டும் ஆரவாரமுமாக வந்த பிள்ளைகள், ஓர் உதை குறிதவறிய காரணத்தால், மதியச் சோற்றுக்கு முன்னரே அதே லொறியிற் பேச்சின்றித் திரும்பிச் செல்வர். அவர்களுக்கு அடுத்த ஆட்டம் அடுத்த ஆண்டுப் பொங்கலுக்குத்தான். கிண்ணப் போட்டியிற் கிளர்ச்சி மிகுதி என்பதை மறுப்பார் இலர். ஆயினும் ஆடக் கற்கவேண்டியவனுக்கு ஆட்டமே கிடைக்காதபடி செய்வதும் அதுவே. பலவீனமான அணிக்குத்தான் பயிற்சி மிகுதியாக வேண்டும்; விலகல் முறையோ அதனைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்புகிறது.

அதே எட்டு அணிகள் லீக் முறையில் ஒன்றையொன்று ஒருமுறை எதிர்த்தால் ஆட்டங்கள் 28 ஆகும். ஒவ்வோர் அணிக்கும் ஏழு ஆட்டங்கள் நிச்சயம். முதலாவதில் தோற்றவனுக்கு இன்னும் ஆறு இருக்கின்றன.

நிச்சயம் என்னும் இச்சொல்லே லீக் முறை பிறந்த கதையின் மையம். இங்கிலாந்தில் 1888 ஆம் ஆண்டுக்கு முன்னரும் கழகங்கள் இருந்தன. கிண்ணப் போட்டி இருந்தது. பார்க்க வரும் மக்களும் இருந்தனர். நெசவாலைகளிற் பணிபுரியும் பெண்களுக்கும் இளையோருக்கும் சனிக்கிழமைகளிற் பிற்பகல் 2 மணியோடு வேலை முடியவேண்டுமென 1850 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்திருந்தது. அந்த அரைநாள் ஓய்வு காலப்போக்கில் ஏனைத் தொழிலாளருக்கும் பரவிற்று. சனிக்கிழமைப் பிற்பகல்களில் மைதானங்கள் நிறைந்தன. ஆனால், இன்ன அணியுடன் ஆட்டம் என்று விளம்பரஞ் செய்து மக்கள் திரண்ட பின்னர், அந்த அணி கிண்ணப் போட்டி ஒன்றிற்காக வேறெங்கோ சென்றுவிட்டது என்று அறிவிக்கப்படுவது வழக்கமாயிருந்தது. கட்டணம் கொடுக்க வந்தவர்கள் ஏமாந்து திரும்பினர்.

பர்மிங்காம் நகரில் துணிக்கடை நடத்திவந்த வில்லியம் மக்கிரகர் என்னும் ஸ்கொட்லாந்துக்காரர், அஸ்டன் வில்லா கழகத்தின் நிர்வாகிகளுள் ஒருவர். 1888 மார்ச் 2 ஆம் திகதி அவர் சில கழகங்களுக்குக் கடிதம் எழுதினார். குறிப்பிட்ட சில கழகங்கள் ஆண்டுதோறும் தம் ஊரில் ஒருமுறையும் எதிரணியின் ஊரில் ஒருமுறையுமாக ஒன்றையொன்று தவறாது சந்திக்க உடன்படவேண்டும் என்பது அவரது யோசனை. இதனைச் சொன்னவர் ஒரு கடைக்காரர் என்பதிற் பொருத்தம் உண்டு. திறக்கும் நேரத்தை அறிவித்துவிட்டுக் கடையைப் பூட்டிவைத்தால் வாடிக்கையாளர் மறுமுறை வாரார் என்பது அவர் அறிந்த பாடமன்றோ!

அவ்வாண்டு செப்டம்பர் 8 ஆம் திகதி பன்னிரண்டு கழகங்களுடன் முதலாவது பருவகாலம் தொடங்கிற்று. ஒரு வெற்றிக்கு எத்தனை புள்ளி என்பது அப்போது முடிவாகவில்லை. நவம்பரிலேதான் வெற்றிக்கு 2, சமநிலைக்கு 1 என்று தீர்மானித்தார்கள். ஆட்டத்தைத் தொடங்கிவிட்டுப் பிறகு கணக்கை யோசித்தவர்கள் அவர்கள். பிரெஸ்டன் நோர்த் எண்ட் என்னும் கழகம் தன் 22 ஆட்டங்களில் 18ஐ வென்று, நான்கைச் சமன்செய்து, ஒன்றிலேனும் தோற்காமல் 40 புள்ளிகளுடன் முதலிடம் பெற்றது. இரண்டாமிடம் பெற்ற அஸ்டன் வில்லாவுக்கு 29 புள்ளிகள்.

அந்தப் பன்னிரண்டு கழகங்களின் பெயர்களைப் பார்ப்பவருக்கு ஒன்று வியப்பைத் தரும். தலைநகரான லண்டனிலிருந்து ஒரு கழகந்தானும் அதில் இல்லை. ஆறு கழகங்கள் லங்காஷயர் பகுதியைச் சேர்ந்தவை; மற்றைய ஆறும் நாட்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தவை. பிளக்பேர்ன், பேர்ன்லி, போல்டன், அக்ரிங்டன் போன்ற ஆலைப் பட்டினங்களே அவற்றுட் பல. புகையிரதத்தில் ஏறினால் அன்றே சென்று அன்றே திரும்பக்கூடிய தூரத்தில் அவை இருந்தன. வார முழுதும் உழைத்த தொழிலாளரும், ஒரு புகையிரதப் பாதையும், பிற்பகல் ஓய்வும் சேர்ந்த இடத்திலே லீக் முளைத்தது. தலைநகரம் பின்னர் வந்து சேர்ந்துகொண்டது.

புள்ளிக் கணக்கைப் பற்றி இங்கே சிறிது கூறவேண்டும். ஏனெனில் ஒரு பருவகாலத்தின் போக்கையே அது மாற்றிவிடும். வெற்றிக்கு இரண்டு புள்ளி என்னும் முறை ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு நிலைத்தது. இங்கிலாந்தில் 1981 இல் வெற்றிக்கு மூன்று புள்ளி வழங்கத் தொடங்கினர். 1994 ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியிலும் அம்முறை கையாளப்பட்டது. இப்போது எங்கும் அதுவே வழக்கு. ஒன்பது ஆட்டங்கள் கொண்ட பருவகாலத்தில் ஓர் அணி நான்கை வென்று ஐந்தைச் சமன்செய்தது என்க. மற்றோர் அணி ஆறை வென்று மூன்றில் தோற்றது என்க. பழைய முறைப்படி முன்னதற்கு 13, பின்னதற்கு 12. தோல்வியே அறியாத அணி முன்னிற்கும். புதிய முறைப்படி முன்னதற்கு 17, பின்னதற்கு 18; மும்முறை தோற்ற அணி முதலிடம் பெறும். தோல்விக்கு அஞ்சிப் பந்தைத் தம் எல்லைக்குள்ளேயே வைத்துக்கொள்வோருக்கு இடமளிக்கக் கூடாது என்பதே மாற்றத்தின் நோக்கம். புள்ளிகள் சமமானால் அடித்த கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்து மிச்சத்தைப் பார்ப்பர். இங்கிலாந்தில் 1976 வரை கழிக்காமல் வகுத்தார்கள்; பருவகால முடிவிற் பலர் பென்சிலும் தாளுமாக உட்கார நேர்ந்தது.

இனி இலங்கைக்கு வருவோம். இந்நாட்டில் உதைபந்தாட்டச் சங்கம் 1939 இல் அமைக்கப்பட்டது. அதன்பின் உயர்மட்டத் தொடர்கள் பல பெயர்களில் நடந்துவந்தன. 2021 ஆம் ஆண்டில், தொழில்முறை ஆட்டத்தை நோக்கிய படியாக, பத்துக் கழகங்களைக் கொண்ட சுப்பர் லீக் தொடங்கப்பட்டது. அந்தப் பத்துக் கழகங்கள் எவ்வூரவை என்று பார்ப்பது பயனுடையது. கொழும்பைச் சேர்ந்தவை மூன்று: கொழும்பு எப்.சி., ரட்ணம், ரினௌன். படைகளைச் சேர்ந்தவை மூன்று: இராணுவத்தின் டிபென்டர்ஸ், கடற்படையின் சீ ஹோக்ஸ், விமானப்படையின் புளூ ஈகிள்ஸ். கரையோரப் பட்டினங்களைச் சேர்ந்தவை மூன்று: வென்னப்புவ நியூ யங்ஸ், களுத்துறை புளூ ஸ்டார், பேருவளை ரெட் ஸ்டார்ஸ். எஞ்சிய ஒன்று நாவலப்பிட்டியின் அப் கன்ட்ரி லயன்ஸ். மலைநாட்டின் பெயரைத் தன் பெயரிலேயே சுமந்த கழகம் அது. வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ ஒரு கழகமும் இல்லை. மாத்தளையிலிருந்தும் இல்லை.

ஏப்ரல் மாதத்தில் ஆரம்பமான அப்பருவகாலம் பெருந்தொற்றினால் இடைநடுவே தடைப்பட்டது. நாட்டிற் பிரயாணத் தடை விதிக்கப்பட்டு மக்கள் வீட்டுக்குள் அடைபட்டிருந்த ஆண்டு அது. எனினும் ஆட்டங்கள் மீளத் தொடங்கி நிறைவெய்தின. முதலிடம் பெற்றது கொழும்புக் கழகமன்று, படைக் கழகமுமன்று. களுத்துறையின் புளூ ஸ்டார். 2015 - 16 முதல் மூன்று பருவகாலங்கள் தொடர்ந்து கொழும்பு எப்.சி. கழகமும், 2018 - 19 இல் இராணுவ அணியும் வென்றிருந்தன. அந்த வரிசையிற் களுத்துறை என்னும் சிறு பட்டினத்தின் பெயர் வந்து சேர்ந்தது. ஒரு நாள் அதிர்ஷ்டத்தாற் கிண்ணம் வெல்லலாம். லீக் வெல்ல ஒரு நாள் அதிர்ஷ்டம் போதாது.

அவ்வெற்றியின் பயனாகப் புளூ ஸ்டார் ஆசியக் கழகங்களின் கிண்ணப் போட்டிக்குத் தகுதிபெற்றது. 2022 ஏப்ரல் 5 ஆம் திகதி கொழும்பில் நேபாளத்தின் மச்சிந்திரா கழகத்தை 2 - 1 என வென்றது. ஒரு வாரங் கழித்து, ஏப்ரல் 12 ஆம் திகதி, கல்கத்தாவில் மோகன் பகான் அணியிடம் 5 - 0 எனத் தோற்று வெளியேறியது. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் இலங்கை மக்கள் நீண்ட வரிசைகளில் நின்ற மாதம் அது என்பதை நேயர்கள் மறந்திரார்.

அந்த ஐந்து கோல்களைக் கண்டு களுத்துறை இளைஞர்களைக் குறைகூறுவது நியாயமாகாது. எதிரே நின்றது 1889 இல் தோன்றிய கழகம். 1911 ஜூலை 29 ஆம் திகதி, ஒருவர் தவிர ஏனையோர் வெறுங்காலுடன் ஆடி, கிழக்கு யோர்க்‌ஷயர் படைப்பிரிவை 2 - 1 என வென்று கேடயம் கைக்கொண்ட கழகமும் அதுவே. கல்கத்தாவில் லீக் போட்டி 1898 முதல் நடந்துவருகிறது. நூறாண்டுக்கு மேலாகப் பருவகாலந்தோறும் நிச்சயமான ஆட்டங்கள் நடந்த நகரத்திற்கும், உயர்மட்டத் தொடர் ஓர் ஆண்டு நடந்து மறு ஆண்டு நிற்கும் நாட்டிற்கும் இடையிலான தூரமே அன்று கோல்களாக எண்ணப்பட்டது. அதற்கடுத்த ஆண்டு நிலைமை மேலும் சீர்குலைந்தது. நிர்வாகத்தில் வெளியார் தலையீடு உண்டென்று கூறி, உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் 2023 ஜனவரி 21 ஆம் திகதி இலங்கையை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் மாத இறுதியிலேதான் தடை நீங்கியது. அலுவலக மேசைகளில் நடந்த பூசலுக்கு ஆட்டக்காரர் தம் ஆயுளில் ஓர் ஆண்டைக் கொடுத்தனர். உதைபந்தாட்டக்காரனின் ஆயுள் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே.

மாத்தளையின் பெயர் அந்தப் பத்தில் இல்லாமைக்குக் காரணம் யாது? ஊக்கக் குறைவு என்று யாரும் கூறார். இங்கிலாந்தின் ஆலைப் பட்டினங்களில் இருந்தவை யாவும் ஏதோ ஒரு வகையில் இங்கும் இருக்கின்றன. கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதம் 1880 இல் வந்துவிட்டது. அதாவது மக்கிரகர் கடிதம் எழுதுவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்னரே. வார முழுதும் மலையேறி உழைக்கும் மக்கள் இருக்கின்றனர். ஞாயிற்றுக்கிழமை ஓய்வும் இருக்கிறது. விளையாட்டிற்கென இம்மாவட்டத்திற் பெரும்பொருள் செலவிடப்படவில்லை என்றும் சொல்லுதற்கில்லை. தம்புள்ளையில் ஏரிக்கரையோரமாகச் சர்வதேசக் கிரிக்கெட் மைதானம் ஒன்று எழுந்து, 2001 மார்ச்சில் இலங்கையும் இங்கிலாந்தும் அங்கே ஆடின. மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர் முன்னொரு காலத்தில் மாத்தளை நோக்கி நடந்துவந்த வடபாதை தம்புள்ளை வழியே சென்றது. அவர்களின் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் அந்த மைதானத்து விளக்கொளியைப் பேருந்திலிருந்து பார்த்துச் செல்கின்றனர்.

முதற்குறை சமதரை. உதைபந்தாட்ட விதிப்படி மைதானம் நீளத்தில் 90 மீற்றருக்கும் அகலத்தில் 45 மீற்றருக்கும் குறையலாகாது. சரிவிலே தேயிலையும் இறப்பரும் நட்ட தோட்டத்தில் அத்தகைய சமதரை அரிது. இருப்பின் அதில் ஏற்கெனவே தொழிற்சாலை நிற்கும். பிரட்டுக்களத்தில் ஆடிப் பழகிய இளைஞன் நெருக்கத்திற் பந்தைக் காலோடு வைத்திருப்பதில் வல்லவன். முழு மைதானத்தில் இறங்கியதும் அரை மணியில் மூச்சு வாங்குவான். அது திறமைக் குறைவன்று, பழக்கமின்மை. ஏழு பேர் கொண்ட அணிகளுக்கான போட்டிகளே மிகுதியாக நடப்பதற்கும் இடச் சுருக்கம் ஒரு காரணம்.

இரண்டாவது குறை தூரம். கொழும்புக்கு ஏறக்குறைய 140 கிலோமீற்றர். வாரந்தோறும் பதினெட்டுப் பேரை ஏற்றிச் சென்று, உணவளித்து, திரும்ப அழைத்துவர ஆகுஞ் செலவைத் தாங்கும் கழகம் வேண்டும். ஆகவே திறமையுள்ள இளைஞன் தனியே கொழும்புக்கு இறங்கிச் செல்கிறான். கடையிலோ உணவகத்திலோ வேலை தேடிக்கொண்டு, மாலையில் ஏதேனும் ஒரு கழகத்திற் பயிற்சிக்குப் போகிறான். இடங் கிடைத்தால் அக்கழகத்தின் பெயரால் ஆடுகிறான். கிடைக்காவிடில் கடை வேலையே நிலைத்துவிடுகிறது. ஊரிலிருந்த அணி, அவன் போன பின் அந்த ஆண்டுப் பொங்கற் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்கிறது.

மூன்றாவது மழை. மேற்குக் கரையோரத்தை மே மாதம் முதல் தென்மேற்குப் பருவமழை நனைக்கிறது. மாத்தளைக்குப் பெருமழை தருவது ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை பெய்யும் வடகீழ் மழை. ஒரு கரையின் வானத்தைப் பார்த்து வகுத்த அட்டவணை மற்றப் பக்கத்து மைதானத்திற்குப் பொருந்தாது.

நாவலப்பிட்டிக்கும் இக்குறைகளிற் பல உண்டு. மழையோ அங்கு இன்னும் அதிகம். ஆயினும் அவ்வூர்க் கழகம் பத்துக்குள் வந்தது. அதற்கு அண்மையிலுள்ள கம்பளையின் கிறிஸ்டல் பளஸ் கழகமும் நாட்டின் உயர்மட்டத்தில் ஆடியிருக்கிறது. பக்கத்து ஊரில் எதிரி இருந்தால் ஆட்டம் நிச்சயம். ஆட்டம் நிச்சயமானால் அணி நிலைக்கும். ஆதலின் மாத்தளையில் முதலில் வேண்டப்படுவது தேசிய லீக்கில் ஓரிடம் அன்று. உள்ளூரில் எட்டு அணிகளும் ஏழு ஞாயிறுகளுமே.

அட்டவணை வகுப்பது கடினமன்று. பள்ளிக்கூடப் பிள்ளையும் செய்யலாம். எட்டு அணிகளின் பெயர்களையும் எட்டுத் துண்டுகளில் எழுதி, மேசைமேல் மேல்வரிசை நான்கு, கீழ்வரிசை நான்கு என வைக்கவேண்டும். ஒன்றுக்கொன்று நேரெதிரே இருப்பவை முதலாம் ஞாயிற்றின் நான்கு ஆட்டங்கள். அடுத்த ஞாயிற்றுக்கு, மேல்வரிசையின் இடப்பக்க மூலையிலுள்ள துண்டை அசையாது விட்டு, மற்றைய ஏழையும் கடிகார முள் செல்லும் திசையில் ஓரிடம் நகர்த்தவேண்டும். மேல்வரிசையின் கடைசித் துண்டு கீழே இறங்கும். கீழ்வரிசையின் முதற்றுண்டு மேலேறும். மீண்டும் எதிரெதிரே இருப்பவை ஆடும். ஏழாம் ஞாயிறு முடியும்போது ஒவ்வோர் அணியும் மற்றைய ஏழையும் ஒருமுறை சந்தித்திருக்கும். எந்தச் சோடியும் இருமுறை சந்தித்திராது. ஏழு அணிகளே சேர்ந்தால் எட்டாவது துண்டை வெறுமையாக விடலாம். அதற்கெதிரே அமைவது அன்று ஓய்வெடுக்கும்.

முழு அளவான மைதானம் மாத்தளை நகரில் ஒன்று கிடைத்தால் போதும். காலையில் இரண்டு, பிற்பகலில் இரண்டு என நான்கு ஆட்டங்களையும் ஒரே நாளில் நடத்திவிடலாம். உக்குவளை, இரத்தோட்டை, எல்கடுவ, யட்டவத்தைப் பக்கங்களிலிருந்து வரும் அணிகள் அன்றே சென்று அன்றே திரும்பும். கோடு கிழிக்கச் சுண்ணாம்பு, பந்துகள் இரண்டு, ஆட்டத்திற்கு மத்தியஸ்தர் மூவர், லொறிக் கூலி ஆகியவையே செலவு. இவற்றுள் மத்தியஸ்தரைத் தேடுவதுதான் கடினம். ஊரவரிலிருந்தே நால்வர் ஐவர் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் எடுக்க முன்வரவேண்டும். ஆடி ஓய்ந்தவர்களுக்கு இது தக்க வேலை. புள்ளிகளைச் சந்தைக்கருகே ஒரு பலகையில் ஒவ்வொரு ஞாயிறு மாலையும் எழுதிவைத்தால், திங்கட்கிழமை கொழுந்து நிறுக்குமிடத்திற் பேச்சு வேறாகிவிடும்.

வடகீழ் மழை ஓய்ந்த பின், ஜனவரிக் கடைசி ஞாயிற்றில் தொடங்குவது உசிதம். மாசி மகத்தை ஒட்டி மாத்தளை முத்துமாரியம்மனின் ஐந்து தேர்களும் வீதிக்கு வரும். அதற்கு அண்மையான ஞாயிற்றில் ஆட்டம் வைத்தால் ஆடுவாரும் இரார், பார்ப்பாரும் இரார். ஆகவே ஒன்றை விட்டு எண்ண, ஏழாவது ஞாயிறு மார்ச் நடுவில் வரும்; சித்திரைப் புத்தாண்டுக்கு வீடு வெள்ளையடிக்கும் வேலைகள் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பாகவே புள்ளிப் பலகை நிறைந்துவிடும்.